எம்.சி. ரோட்டில் மைக் பிடிப்பவள்

ஐப்பசி மழையை நம்ப முடியாது.
மைக்குக்குப் பாலித்தீன் பை மாட்டியிருக்கிறேன்.
உள்ளே என் குரலுக்குச் சளி பிடித்திருக்கும்.
"வாங்கம்மா வாங்க,
நைட்டி ரெண்டு எடுத்தா ஒண்ணு சும்மா."
நடு நடுவே வாழ்த்தும் சொல்லவேண்டும்.
சம்பளத்தில் அதுவும் சேர்த்தி.

போன வருஷம் தீபாவளி வாழ்த்து என்றபோது
புர்கா போட்ட மூன்று பேர்
படியில் வைத்த காலை எடுத்துக்கொண்டு
எதிர்க்கடைக்குப் போனார்கள்.
விலையால்கூட இருக்கலாம்.
முதலாளி பவுன்ராஜ் விலையென்று நினைக்கவில்லை.

இந்த வருஷம் ஃப்ளெக்ஸில்
'பண்டிகைக் கால நல்வாழ்த்துகள்'.
விளக்கு இல்லை, பிறை இல்லை, நட்சத்திரம் இல்லை.
ஒரு ரோஜாப்பூ.
எந்தத் தெருவிலும் நான் பார்த்திராத நிறத்தில்
ஒரு குடும்பம் சிரிக்கிறது.
"யார் மனசும் நோகாது விமலா,
இப்பக் கட்டினா பொங்கல் வரைக்கும் தாங்கும்,
மூணு தடவை அச்சுக்கூலி மிச்சம்."
மரியாதையும் சிக்கனமும்
ஒரே சணல் கயிற்றில் ஆடின.

முதல் நாளே ஒருவர் பைக்கை நிறுத்தினார்,
நெற்றியில் மூன்று பட்டை.
"தீபாவளின்னு சொல்ல வாய் வலிக்குதா?"
வலிக்கலண்ணே என்று சொல்லிக்காட்டினேன்.
இரண்டு லுங்கி எடுத்தார், பேரம் பேசாமல்.

மறுநாள் கல்மண்டபத்திலிருந்து ஓர் அக்கா,
துப்பட்டாவைக் காதோரம் செருகிக்கொண்டு:
"பண்டிகைன்னு பொத்தாம்பொதுவா எதுக்கு?
அவங்களுதுக்கு அவங்க பேரு போடுங்க.
பெருநாளைக்கு எங்க பேரு போடுங்க.
வேணாம்னா சொல்லப்போறோம்?"

அதற்குப் பிறகு கண்ணைப் பழக்கினேன்.
நெற்றி, கழுத்து, மணிக்கட்டு.
அரை நொடியில் வாழ்த்து தயார்.
மூலகொத்தளம் என்று முகவரி சொன்னால்
போலீஸ்காரர் எங்கள் தெருப் பையன்களை
மேலும் கீழும் பார்ப்பாரே,
அந்தப் பார்வை என் முகத்துக்கு வந்திருப்பதை
டிரயல் ரூம் கண்ணாடியில் ஒரு மத்தியானம் பார்த்தேன்.

விமலா என்ற பெயரை வைத்து
என்னை ஒரு பக்கம் சேர்க்க முடியாது.
என் நெற்றியிலும் ஒன்றுமில்லை. வியர்வைதான்.
டிசம்பர் இருபத்துநாலு ராத்திரி
பூசைக்கு மணி அடிக்கையில்
நான் தள்ளுபடி சொல்லிக்கொண்டிருப்பேன்.
பவுன்ராஜுக்கு அது தெரியாது,
நானும் சொன்னதில்லை.

நேற்று ஏழரை மணி.
குங்குமம், மஞ்சள் கயிறு,
கையில் ஒரு பையன்.
சந்தேகமே இல்லை.
"தீபாவளி நல்வாழ்த்துகள்மா!"
தெருவே கேட்கும்படி.

அவள் நின்றாள்.
"எங்களுக்கு இந்த வருசம் இல்லம்மா.
கொழுந்தன் கடலுக்குப் போயி...
வருசம் திரும்பணும்.
ஸ்கூல் பேன்ட் இருக்கா? இருபத்தாறு சைஸ்.
முட்டியில கிழிச்சிட்டான்."

கோபமே இல்லை அந்தக் குரலில்.
கோபித்திருந்தால் ஒரு மன்னிப்பு கேட்டிருப்பேன்.
நான் மைக்கை அணைத்தேன்.
பேன்ட் இரண்டாவது மாடி என்றேன்,
பிறகு நானே கூட ஏறினேன்.
பையன் ஒவ்வொரு படியையும் எண்ணினான்.
பதினெட்டைத் தாண்டி இருபது என்றான்.
அவள் திருத்தவில்லை, நானும்.

இறங்கியபோது மழை கொட்டுகிறது.
ஃப்ளெக்ஸ் தண்ணீர் குடித்து வயிறு ஊதி,
சிரிக்கும் குடும்பத்துக்கு
கன்னங்கள் தொங்குகின்றன.
எல்லோரும் கடை வாசலில் ஒண்டிக்கொண்டார்கள்,
பைகளை மார்போடு அணைத்து,
யார் குடை யாருக்கு என்றில்லாமல்.
பவுன்ராஜ் கல்லாவிலிருந்து கையாட்டுகிறார்:
எதாவது சொல்லு, கூட்டம் நிக்குது!

மைக்கைப் போட்டேன்.
"மெட்ரோ பக்கம் முட்டி வரைக்கும் தண்ணி.
மேன்ஹோல் திறந்து கெடக்கு, இடது ஓரமாப் போங்க.
கொழந்தைங்களத் தூக்கிக்கங்க.
பாத்துப் போங்க."

எந்தப் பண்டிகைக்கு என்று
யாரும் கேட்கவில்லை.
ஒருவர் மட்டும் திரும்பி வந்தார்,
புது பேன்ட்டில்
ஜிப் மேலே ஏறவில்லை என்று காட்டிக்கொண்டு.