முதல் நாளைச் சேர்ப்பதில்லை

காயிதம் கொண்டுவந்தவன்
வாசலிலேயே நின்று
என் பெயரை மூன்றாக உடைத்துக் கேட்டான்:
நிர்மலா. ஈசு. வரி.
மூன்றும் நான்தான் என்றேன்.
கையில் வைத்துவிட்டு
உப்புத் தூவிய படிகளில் பார்த்துப் பார்த்து இறங்கிப் போனான்.

எல்ஸ்மியர் சந்தி, உறைமழை.
பச்சை விளக்கு எனக்கா அவருக்கா என்பதுதான் வழக்கு.
அன்றைக்கு கிரெகரி ஹாலெட்
தன் மேலங்கியைக் கழற்றி என் மடியில் போட்டார்.
அம்புலன்ஸ் வரும்வரை சேட்டோடு நடுங்கிக்கொண்டு நின்றார்.
இப்போது அவர் வாதி.
அவருடைய இடுப்புக்கு நான் பொறுப்பு என்று
பதினொரு பக்கம்.

மறுமொழிக்கு இருபது நாள்.
நாள் எண்ண எனக்குத் தெரியும்.
பிள்ளை பிறந்தால் முப்பத்தொன்று,
ஆள் போனால் எட்டு, பிறகு முப்பத்தொன்று,
போன நாளே முதல் நாள்.
அப்படி எண்ணித்தான் கலண்டரில் வட்டம் போட்டேன்.

சட்டத்தரணி பானுரேகா
வட்டத்தை வெட்டி அடுத்த கட்டத்தில் போட்டாள்.
"கைக்கு வந்த நாளைச் சேர்ப்பதில்லை, அன்ரி."
ஒரு நாள் மிச்சம்.
ஸ்காபரோவில் எனக்கு யாரும்
சும்மா தந்த முதல் நாள்.

"உங்களுக்கும் காயமா?"
தோளில் ஒரு நோ, பெரிசாய் ஒன்றுமில்லை.
அவள் பேனையை மூடவில்லை.
எதிர்வழக்கென்றால் மறுமொழியோடு சேர்த்தே போடவேணுமாம்.
ஆனால் விபத்து நடந்து
இரண்டு வருசமும் பதினாறு நாளும்.
ஹாலெட் கடைசிக் கிழமையில் பதிந்திருக்கிறார்;
காயிதம் என் படியேறி வருவதற்குள்
என் கதவு சாத்தியாயிற்று.

"சாத்தினதோ தெரியாது," என்றாள்.
"இது சும்மா நோ இல்லை, இனி மாறாது என்று
உங்களுக்கு எப்ப தெரிஞ்சது?
அந்தத் திகதி வேணும்."

எந்தத் திகதியைச் சொல்ல?
அரிசி வாளியைக் கீழ்த்தட்டுக்கு இறக்கியதையா,
சட்டையை முன்னால் பூட்டித்
திருப்பிப் போடப் பழகியதையா,
ஆஸ்பத்திரி லோண்டரியில் ஈரத் துணி மூட்டையை
இடக்கைக்கு மாற்றியதையா?
அதெல்லாம் நாளில் நடக்கவில்லை,
நான் பார்க்காத நேரத்தில் நடந்தது.

பிறகு சொன்னேன்:
தலைமயிர் வெட்டின நாள்.

பின்னலுக்கு வலக்கை பின்னால் போகவில்லை.
இரண்டு மாதம் தோழி பின்னிவிட்டாள்,
அவள் பிராம்ப்டனுக்கு வீடு மாறினாள்.
கென்னடி ரோட்டுக் கடையில் கதிரையில் ஏறி
தோளோடு வெட்டு என்றேன்.
வெட்டியவள் கேட்டாள், நிச்சயமாகவா?
வடிவுக்கு வெட்டினேன் என்று எல்லோருக்கும் சொன்னேன்.
எல்லோரும் வடிவென்றார்கள்.

ரசீது இருந்தது.
ஏன் வைத்திருந்தேன் என்று தெரியாது,
தைலப் போத்தலின் கீழ் எண்ணெய் ஊறிக் கிடந்தது.
பதினெட்டு டொலர், ஏப்ரல் மூன்று.
பானுரேகா அதை விளக்கில் பிடித்து
திகதியை இரண்டு தரம் வாசித்தாள்.
"இதைவைத்து வாதாடலாம். வெல்லும் என்று சொல்லமாட்டேன்."

மிச்சமாய்க் கிடைத்த அந்த நாளில்
பின்னேரம் மூன்று நாற்பதுக்கு
கொம்பியூட்டரால் அனுப்பினாள்.
இப்போது நானும் அவரும்
ஒருவருக்கொருவர் வாதி, ஒருவருக்கொருவர் பிரதிவாதி.
முடியும்வரை அவரோடு கதைக்கக் கூடாது என்றாள்.

அந்த மேலங்கியைக் கழுவக் கொடுத்து வாங்கி
பிளாஸ்ரிக் உறை பிரிக்காமல் வைத்திருக்கிறேன்.
திருப்பிக் கொடுக்கப் போவதாய்
ஒவ்வொரு மாரியிலும் நினைத்தேன்.
அதை அவளிடம் சொல்லவில்லை.
இரவு வேலைக்கு பஸ் வந்தது,
இடக்கையால் கம்பியைப் பிடித்து ஏறினேன்.