பூஜ்யத்துக்குப் பூஜ்யம்

மூணாறு தலைப்பில் ராத்திரி பன்னிரண்டேகால்.
கோரையாற்று ஷட்டர்கள் அத்தனையும் கீழே.
இன்றைய முறை பாமணிக்கு.
சக்கரத்துக் கிரீஸ் விரலில் பிசுபிசுக்க
செல்போனைக் கைப்பிடிச் சுவரில் சாய்த்துவைத்தேன்.
டிபன் பாக்ஸ் மூடி முட்டுக்கொடுத்தது.

நெதர்லாந்தும் உருகுவேயும்.
கோப்பை இல்லை, புள்ளி இல்லை,
சும்மா ஒரு நட்பு ஆட்டம்.

கூத்தாநல்லூர் ஜபருல்லா வாட்ஸப்பில் கத்துகிறான்:
"இதெல்லாம் ஒரு ஆட்டமா மாப்ள?
பத்துப் பேரும் பெட்டிக்குள்ள குந்திக்கிட்டு!
காசு குடுத்து வந்தவன் கொட்டாவி விடுறான் பாரு."
ஜபருல்லா செவன்ஸில் லெப்ட் விங்.
ஆடிய காலத்தில் ஒரு தடவைகூட
பின்னால் ஓடிவந்து பந்தைப் பறித்தவனில்லை.
கால்பந்தென்றால் அவனுக்கு
ஆடிப் பதினெட்டுத் தண்ணீர்.
நுரையோடு வரணும்,
பூவையும் காப்பரிசியையும் அடித்துக்கொண்டு வரணும்,
படித்துறை மொத்தமும் பார்த்து நிற்கணும்.

எனக்கு வேலை அடைத்துவைப்பது.

கடலுக்கே கதவு போட்ட நாடாம் நெதர்லாந்து,
பயிற்சிக்குப் போய்வந்த ஜே.இ. சொன்னார்.
ஆட வந்தால் பாருங்கள்,
ஒன்றையும் சாத்துவதில்லை.
பேக் ஆடுகிறவனே கோலடிக்கப் போய்விடுகிறான்,
போட்டது போட்டபடி கிடக்கிறது வீடு.
ஊரில் அடைத்து அடைத்து அலுத்த கையோ என்னவோ,
ஆரஞ்சுச் சட்டை மாட்டியதும் உடைப்பெடுக்கிறது.

உருகுவே.
பேரில்தான் உருக்கம்.
உருகவே மாட்டேன் என்று நிற்கிறான்கள்.
அதிலொரு நாலாம் நம்பர், முன்மண்டை வழுக்கை.
பந்தை அவன் துரத்துவதில்லை.
அது வரப்போகிற இடத்தில்
கடன் கொடுத்தவன் மாதிரி
முன்கூட்டியே போய் நிற்கிறான்.

இடைவேளை முடிந்து கொஞ்ச நேரத்தில்
பாலத்தில் ஒரு டி.வி.எஸ். வந்து இருமி நின்றது.
நாடிமுத்து. ஜாம்புவானோடைப் பக்கம். கடைமடை.
"தம்பி, ஒரு அரையடி தூக்கிவுடு.
நேரடி வெதைப்பு. மொளச்சதெல்லாம் மொகம் சுண்டிக் கெடக்கு."
"காலைல ஆறு மணிக்குண்ணே. ஆர்டர்."
"அரையடிதானே. யாருக்குத் தெரியப்போவுது?"

அளவுகோலுக்குத் தெரியும்.
மன்னார்குடிக்காரனுக்குத் தெரியும்.
சொல்லவில்லை. அவரும் பார்க்கும்படி
செல்போனைக் கொஞ்சம் திருப்பிவைத்தேன்.

"இதுல எவன் நம்மாளு?"
"யாருமில்லண்ணே."
"பின்ன எதுக்கு முழிச்சிருக்கே?"

என்ன சொல்வது.
கோல் விழுந்தால் அது ஒரு கணம்.
விழாத ஆட்டத்தில்
ஒவ்வொரு கணமும் விழப்போகிறது.

எண்பத்தொன்பதாவது நிமிஷம்.
இடது ஓரத்தில் ஒரு ஆரஞ்சு கரையுடைத்து வந்தது.
கீப்பர் ஏமாந்து கிடக்கிறான், கோல் வாய் திறந்து கிடக்கிறது,
நாலாம் நம்பர் மட்டும் கோட்டின் மேல்.
நாடிமுத்து எழுந்துவிட்டார்:
"விடுறா! விட்டுத் தொலையேன்டா பாவி!"
பந்து அவன் முகத்தில் மோதி வெளியே போனது.

என் கை
எப்போது போய்ச் சக்கரத்தைப் பிடித்ததென்று தெரியவில்லை.

விசில். பூஜ்யத்துக்குப் பூஜ்யம்.
அந்த ஊர்ச் சனம் ஊளையிட்டுக் கலைந்தது.
மூக்கில் ரத்தத்தோடு அவன் தண்ணீர் குடித்ததை
கேமரா அரை விநாடி காட்டியது, பிறகு விளம்பரம்.
"தூக்கம் போச்சு," என்றான் ஜபருல்லா.
நாடிமுத்து என்னைப் பார்க்கவில்லை.
"நல்லாத்தான் நிக்கிறான்," என்றார் ஆற்றிடம்.

இரண்டேகாலுக்கு நோட்டில் எழுதினேன்:
பாமணி, அறுநூற்றுப் பத்து கன அடி.
கோரையாறு, பூஜ்யம்.

ரப்பர் தேய்ந்த மூன்றாம் ஷட்டருக்கடியில்
ஒரு விரல் கனத்துக்குக்
கசிந்துகொண்டுதான் இருந்தது.
நாடிமுத்து துண்டை விரித்துப் படுத்தார்,
காதை அந்தப் பக்கம் வைத்து.