வெயிலுக்கு ஏற்ற காலப்பயணம்

சுன்னாகம் நூலகத்தில் இரண்டாவது அலுமாரிக்கு மேல்
மின்விசிறி ஓடுவதுபோலப் பாவனை செய்கிறது.
என்னிடம் மூன்று அட்டைகள்.
மருந்துக்கடையில் மத்தியானம் ஒரு மணித்தியாலம் ஓய்வு.
சித்திரை முடிந்து, சோளகம் இன்னும் எழும்பாத
அந்தப் பத்துப் பதினைந்து நாளுக்குப் புத்தகம் தேடுகிறேன்.
காலத்தில் பயணிக்கிற கதைகள் மட்டும்.
மற்றதெல்லாம் வெக்கையில் கையோடு ஒட்டிக்கொள்ளும்.

முதலில் நிறை பார்ப்பேன்.
படுத்தபடி நெஞ்சில் வைத்தால் மூச்சு முட்டக்கூடாது.
அறுநூறு பக்கம் என்றால்
எந்த நூற்றாண்டுக்குக் கூட்டிப்போனாலும் வேண்டாம்.
பாலைவனத்தில் போய் இறங்குகிறவனை மாரிக்கு ஒதுக்கிவிடுவேன்.
பனியுகம் நல்லது.
போன வருடம் ஒருத்தி சடை யானைக்குப் பின்னால்
நாற்பது பக்கம் நடந்தாள்;
கரண்ட் இல்லாத மூன்று பின்னேரங்களில்
என் குதிக்கால் வெடிப்பு வரைக்கும் குளிர்ந்தது.

தன் அம்மப்பாவைக் கொல்லப் பின்னுக்குப் போகிறவன் கதை
இரவு எட்டு மணிக்குப் பிறகுதான்.
அவர் செத்தால் இவன் எப்படிப் பிறந்தான்,
இவன் பிறக்காவிட்டால் அவரை ஆர் கொன்றது?
மத்தியான வெயிலில் இதை யோசித்த ஒருவருக்கு
நானே பனடோல் விற்றிருக்கிறேன்.

ஒன்று கவனித்தேன்:
எந்த இயந்திரமும் எங்கள் பக்கம் வந்து இறங்குவதில்லை.
இறங்கினால் சந்திக்குச் சந்தி மறிப்பார்கள்.
எங்கையிருந்து வாறாய்?
இரண்டாயிரத்து நூற்றிலிருந்து.
கிராம சேவகர் கடிதம் இருக்கோ?

மேசையில் நிர்த்தனா, மாசியில் வேலைக்கு வந்த பிள்ளை.
“முன்னுக்குப் போறதோ, பின்னுக்குப் போறதோ அன்ரி?”
“பின்னுக்கு.”
“எவ்வளவு?”
“அரை மணித்தியாலம்.”

சிரிக்கிறாள்.
அவள் பிறந்த வருடத்தில்
கொழும்புக்கு ஒரு நேரம், வன்னிக்கு ஒரு நேரம்.
முகமாலையில் பஸ்ஸால் இறங்கி, பொதி பிரித்துக் காட்டி,
வரிசையில் நடந்து அந்தப் பக்கம் போனால்
கைக்கடிகாரத்தை அரை மணித்தியாலம் பின்னுக்குத் திருப்பவேணும்.
அவ்வளவுதான். ஒளி சுழலாது, தலை சுற்றாது.
சிலர் மறந்துபோவார்கள்.

நான் மறந்தேன்.
பரந்தன் சந்தியில் நாலு மணி என்று பேச்சு.
என் நாலுக்கு நான் நின்றேன்,
இரண்டு கையிலும் ஐஸ்பழம்.
அவருடையது முழங்கை வரை வழிந்து
குச்சி மட்டும் மிஞ்சியது.
தன் நாலுக்கு, ஒரு நிமிடமும் பிந்தாமல்,
சைக்கிளில் வந்து காலை ஊன்றினார் தவநேசன்.
“பாரும், நேரத்துக்கு வந்திட்டன்.”
குச்சியை நீட்டினேன்.

ஆர் சரி என்ற வழக்கு
இரண்டு வருடம் எங்களிடம் பகிடியாக ஓடியது.
பிறகு ஒரு வருடப்பிறப்போடு
அரசாங்கம் அந்த அரை மணித்தியாலத்தைத் திருப்பித் தந்தது.
இரண்டு பக்கமும் ஒரே நாலு மணி.
இனி நீர் காத்து நிக்கத் தேவையில்லை என்று எழுதினார்.
ஓகஸ்டில் பாதை பூட்டினார்கள்.

இதை நிர்த்தனாவிடம் சொல்லவில்லை.
எனக்குப் பின்னால் ஒரு பொடியன்
டைனோசர் புத்தகத்தால் விசிறிக்கொண்டு நிற்கிறான்,
கடையில் மாமி ஒருத்தி பிரஷர் குளிசைக்கு வந்திருப்பா.
அரை மணித்தியாலத்துக்கு ஒன்றும் இல்லையாம்.
குறைந்தது ஐம்பது வருடமாம்.
அடித்தட்டில் குனிந்து மெல்லியதாக ஒன்றை இழுக்கிறாள்:
நூற்றுப் பன்னிரண்டு பக்கம்,
கடல் உறைந்துபோன ஒரு நாளுக்குப் போகிறார்களாம்.
“கடைசித் தாள் கழண்டிருக்கு. பரவாயில்லையோ?”
வெயிலுக்கு அது பரவாயில்லை.

திகதி குத்தித் தந்தாள், மை காயவில்லை.
வெளியே சைக்கிள் சீற் கொதிக்கிறது.
உறைந்த கடலை அதன்மேல்
கொஞ்ச நேரம் வைத்துவிட்டு
ஏறினேன்.