உலக முடிவில் சிக்னல் இருக்கிறது

இருநூறு தடவையாவது வந்திருப்பேன் இங்கே.
வேனைத் திருப்பி நிறுத்துவேன்,
சீட்டைச் சாய்த்துப் படுப்பேன்.
கண்ணாடியில் ஒரு மரை வந்து
மூச்சுவிட்டுப் போகும்.
அவ்வளவுதான் எனக்குத் தெரிந்த
ஹோர்ட்டன் சமவெளி.

இன்று எர்னான் விடவில்லை.
சிலி நாட்டின் தென்கோடியாம், படகோனியாவாம்,
அங்கே இவரும் ஒரு மலைப் பூங்காவுக்குக் காவலராம்.
லீவு கிடைத்தாலும்
அடுத்தவன் காட்டைப் பார்க்கப் போகிற மனிதர்.
என் பக்கக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு
இறங்கும்வரை நின்றார்.

கவுண்டரில் அடையாள அட்டையைத்
திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள்.
பிறகு டிக்கெட் வந்தது.
உள்நாட்டவர்: ஒன்று.

அப்பா நாற்பத்து மூன்று வயதுவரை
எந்த நாட்டவரும் இல்லை.
செக்றோலில் மட்டும் அவர் பெயர் இருந்தது.
மீதிச் சில்லறையை எண்ணாமல் பையில் போட்டேன்.

தண்ணீர்ப் போத்தலின் லேபலை உரித்தார்கள்,
பிஸ்கட்டைக் காகிதத்தில் கொட்டித் தந்தார்கள்.
எர்னான் தலையாட்டி ரசித்தார்,
ஒரு மேசன் இன்னொரு மேசன் கட்டிய சுவரைத்
தட்டிப் பார்ப்பதுபோல.

புல். புல்லின் நுனியில் வெளுத்த பனி.
நின்றபடியே செத்த மரங்கள்,
தாடி தாடியாய்ப் பாசி.
பாதை எவ்வளவு அரித்திருக்கிறதென்று
குனிந்து சாண் போட்டு அளந்தார் அவர்.
நான் செருப்போடு சறுக்கினேன்.
"எங்கள் மலைக்காற்று ஆளைத் தள்ளும்" என்றார்
உடைந்த இங்கிலீஷில்.
"உங்களுடையது ஒளித்துவைக்கிறது."

உலக முடிவுக்கு வந்தபோது பத்து மணி.
ஒன்றுமில்லை.
வெள்ளை.
கொழும்புப் பிள்ளைகள் அந்த வெள்ளைக்கு முன்னால்
செல்ஃபி எடுத்துவிட்டுத் திரும்பினார்கள்.
எர்னான் காத்திருந்தார்,
பஸ்ஸுக்கு நிற்பதுபோல, பழக்கப்பட்டவராய்.

போனில் நான்கு கோடு.
மச்சினிச்சி யோகமலருக்கு எடுத்தேன்.
கீழே, இதற்கு நேர் கீழே
ஏதோ ஒரு மலைத்துண்டில் கொழுந்து எடுக்கிறாள்.

"எங்க நிக்கிறீங்க மச்சான்?"
"உலக முடிவுல."
"இருங்க, மேல பாக்குறேன்...
மேகந்தான் தெரியுது. இங்க நல்ல வெயிலு."
அவளுக்குப் பின்னால் யாரோ
கிலோக் கணக்கைச் சத்தமாகச் சொன்னார்கள்.
"அதான் முடிவுன்னா
நாங்க எங்கயாம் இருக்கோம்?"
சிரித்தாள்.
"தராசுக்கிட்ட வந்துட்டேன், வைக்கிறேன்."

என்ன சொன்னாள் என்றார் எர்னான்.
கீழே வெயில், என்றேன்.
மற்றதற்கு என்னிடம் இங்கிலீஷ் இல்லை.

அவர் அந்த வெள்ளையைப் பார்த்துக் கையாட்டினார்,
யாருக்கென்று தெரியாமலே, பெரிதாக, இரண்டு தடவை.
எனக்குத் தெரியும்.
அதனால்தானோ என்னவோ கொஞ்சம் வெட்கம்.
டிக்கெட்டைப் பொத்தியிருந்த கையை
மெதுவாகப் பையிலிருந்து எடுத்தேன்.