கழித்தெழுதும் நாள்

டிசம்பர் கடைசியில் மூன்று பேர் வருவார்கள்.
தேத்தண்ணி குடித்து, பேனா மூடியைக் கழற்றிக் கேட்பார்கள்:
இருப்பில் உள்ளது எது, இல்லாதது எது?
விலங்கியல் களஞ்சியத்துக்கு நான் மூன்றாவது பொறுப்பாளர்.
பதிவேடுகள் பன்னிரண்டு.
முதலாவதன் மட்டை, கறையான் தின்றது போக மிச்சம்.

அதன் முதல் வரி:
நுணுக்குக்காட்டி, இரண்டு. ஒன்றுக்கு வில்லை இல்லை.
கையொப்பம், நல்லரெத்தினம். எண்பத்தொன்று.
வந்தாறுமூலைப் பள்ளிக்கூடத்துச் சுவரில்
பல்கலைக்கழகக் கல்லூரி என்று புதுப்பலகை.
கரும்பலகையில் யாரோ விட்டுப்போன ஏழாம் வாய்ப்பாடு
சரியாய் அழியவில்லையாம்;
அதன்மேல்தான் தவளையின் இதயத்தை வரைந்தார்கள்.
தவளைக்கும் ஒரு வரி உண்டு:
வாங்கியது இருபது. மழையில் தப்பியோடியது ஆறு.

தொண்ணூறாம் ஆண்டுக்கு அரைப்பக்கம்.
மேசை, நாற்பது: சனம் படுக்கக் கொடுத்தது.
முகவை, எல்லாம்: பால்மா கரைக்க.
பஞ்சு, மிகுதி இல்லை.
பிறகு பென்சிலில் ஒரு வரி தொடங்குகிறது.
"பஸ்" என்ற சொல்வரை வந்து
நின்றுவிடுகிறது.
வாங்கியது, வழங்கியது, உடைந்தது, மிகுதி.
நான்கே நிரல்.
ஏற்றிக்கொண்டு போனவர்களை
இதில் எதற்குள் எழுதுவது?
ஆண்டுதோறும் குழு அந்தப் பக்கத்தைப் புரட்டும்.
கையொப்பம் இடுவதில்லை ஒருவரும்.
கழிப்பதுமில்லை.

மூன்றாம் ஏடு முழுக்க மண்ணெண்ணெய்.
அமிலம் கேட்டுக் கடிதம் பதினாறு,
வந்த பதில் மூன்று: தடைசெய்யப்பட்ட பொருள்.
தேசிக்காய்ப் புளியில் நியமிப்புச் செய்த ஒரு தொகுதி
பட்டம் பெற்றுப் போயிருக்கிறது.
யாரோ வெளிநாட்டார் தந்த நீரடி ஒலிவாங்கி, ஒன்று.
வாவி மீன் பாடுமா என்று
கல்லடிப் பாலத்தடியில் மூன்று இரவு இறக்கினார்கள்.
பதிந்தது, மேலே ஜீப் ஏறி இறங்கும் சத்தம்.
ஒலிநாடா இருப்பில் உண்டு. கேட்க இயந்திரம் இல்லை.

கடல் வந்த ஞாயிறு எங்கள் வாசலுக்கு வரவில்லை.
அடுத்த கிழமை மட்டும்
மாதிரிப் போத்தல் நூற்றிருபது வழங்கியிருக்கிறது.
நாவலடிக் கிணறுகளில் உப்பு எவ்வளவு,
எப்போது குடிக்கலாம்?
அதுவரை ஊர் எங்களிடம் கேட்டது
பிள்ளைக்கு இடம் கிடைக்குமா என்பதுதான்.
கிணறு நாற்பத்தேழு, உரிமையாளர் என்ற இடத்தில்
ஒரு கோடு இழுத்திருக்கிறார்கள்.
தண்ணீரின் அளவு அதற்குப் பக்கத்தில்
இரண்டு தசமதானம்வரை சுத்தமாக.

பஸ் நடத்துநர் இன்றும் கம்பஸ், கம்பஸ் என்றே கத்துகிறான்.
இறங்குகிற கூட்டம்தான் வேறு.
ஏறாவூர் றிஸ்மியா இறால் குடலுக்குள்
நீலநூல் ஒன்று கண்டு அதை வலை என்றாள்.
மொனராகலை மல்ஷானி
கெளிறு என்ற பெயரைச் சிங்கள எழுத்தில் போத்தலில் ஒட்டி
ழகரம் இல்லாத மீன், நல்ல மீன் என்கிறாள்.
குளிரறை வந்துவிட்டது, நிறமாலைமானி வந்துவிட்டது,
அதைத் திருத்தக் கொழும்பிலிருந்து வரவேண்டிய ஆள்
இன்னும் வரவில்லை.

"வில்லை இல்லாத நுணுக்குக்காட்டி,
நாற்பது வருடமாய் ஏன் சுமக்கிறீர்கள்?"
குழுத்தலைவர் கேட்டார். நியாயமான கேள்வி.
அடுத்த வருடம் பார்ப்போம் என்றேன்.
எனக்கு முன்னிருந்தவரும் அதைத்தான் சொல்லியிருப்பார்.

அவர்கள் படியிறங்க, மல்ஷானி ஓடிவந்தாள்.
விடிய ஆறுமணிக்கு முகத்துவாரம் வெட்டுகிறார்களாம்,
வெட்டமுன் ஒரு உப்பளவு, வெட்டியபின் ஒன்று.
போத்தல் முப்பது வேணும்.
இருப்பில் இருபத்தொன்பது.
என் தண்ணீர்ப் போத்தலைக் கவிழ்த்து ஊற்றி
மூன்றுதரம் கழுவிக் கொடுத்தேன்.
எந்த நிரலில் எழுதுவதென்று
நாளைக்கு யோசிக்கவேண்டும்.