ரோஸ்மில்க்

பாலக்கோட்டில் ஒரு கல்லூரி ஆண்டு விழா.
நான்கு பாக்ஸ், மூன்று மைக்,
மூன்றாவதில் லேசான கரகரப்பு.
முதல்வர் எக்கோ கேட்டார், கொடுத்தேன்.
கரகம் முடிந்தது.
அடுத்தது நகைச்சுவை நாடகம் என்றார்கள்.

இரண்டாமாண்டு வணிகவியல் பையன்
நைட்டிமேல் துண்டு போட்டு
மருத்துவச்சியாக வந்தான்.
கையில் ஃபீடிங் பாட்டில்.
துணியில் சுருட்டிய கால்பந்துதான் குழந்தை.
“பொண்ணா? அப்ப ஸ்பெஷல் பால் ஊத்து.”
திரைக்குப் பின்னாலிருந்து, என் மூன்றாவது மைக்கில்,
பந்து பேசியது:
“ஆயா, சர்க்கரை கம்மி.”

ஷாமியானா அதிர்ந்தது.
முன்வரிசையில் ஒருவர்
கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு சிரித்தார்.
பெண்கள் பக்கமும் சிரித்தது,
அதையும் சொல்லத்தான் வேண்டும்.
பத்தொன்பது வயது அவர்களுக்கு.
கள்ளி என்றால் வேலியில் நிற்கும் ஒரு செடி.

எனக்குப் பக்கத்தில்
கேபிள் சுருட்டிக்கொண்டிருந்தாள் என் மனைவி.
அவள் பெயர் போதும்பொண்ணு.

என் விரல் மூன்றாவது சேனலைக் கீழே இழுத்துவிட்டது.
பந்து ஊமையானது.
பையன் பந்தைத் தட்டினான்,
பிறகு என்னைப் பார்த்தான்.
மிஷினைக் காட்டிக் கையை விரித்தேன்,
யாரோ செய்த தப்பு மாதிரி.

அவளும் ஜோக் சொல்கிறவள்தான்.
கல்யாணப் பந்தியில் சாம்பார் வாளிக்காரன்
“உம் பேரு என்னம்மா?” என்றானாம்.
“போதும்” என்றாளாம்.
வாளி அடுத்த இலைக்குப் போய்விட்டதாம்.
பெண் பார்த்துவிட்டு வந்த அன்று
“பொண்ணு யாரு?” என்று எங்கள் தெருவே கேட்க
“போதும்” என்று எங்கம்மா சொல்ல
அதற்குமேல் யாரும் தேடவில்லையாம்.
இருபது வருஷமாக இதே ஜோக்.
நான் சிரிக்கத் தாமதித்தால் கிள்ளுவாள்.

ஆனால் அவளுக்கு முன்னால் ஒருத்தி பிறந்தாள்.
அவள் பக்கம் இந்தச் சிரிப்பு போனதே இல்லை.
அவளுக்குப் பெயர் வைக்கவில்லை.
பெயரில்லாதவளை வைத்து
எப்படிச் சிலேடை செய்வது?

நள்ளிரவில் டாட்டா ஏஸில் திரும்பினோம்.
புலிக்கரை தாண்டும்போது
எதிரே தக்காளி லாரிகள், ஒன்றன்பின் ஒன்றாக.

“ஏன் சவுண்டக் கொறச்ச?”
“உனக்காகத்தான்.”
“நான் கேட்டனா?”

ஒரு லாரியின் வெளிச்சம் அவள் முகத்தைக் கடந்து போனது.

“கள்ளிப்பால் வெள்ளையா இருக்கும்.
அந்தப் பையன் பாட்டில்ல ரோஸ்மில்க் ஊத்தி வெச்சிருந்தான்.
லைட்டுல எடுப்பாத் தெரியும்னு எவனோ சொல்லியிருப்பான்.
சிரிக்க வைக்கிறதுக்காச்சும்
தெரிஞ்சிருக்க வேணாமா?”

“அதனாலதான் கொறச்சேன்.”

“அதுக்கில்ல.
அது பதில் பேசிச்சு.
இத்தன வருசத்துல
அந்தப் பாட்டில் முன்னால
ஒரு புள்ளயாச்சும் வாயத் தொறந்து ஒரு வார்த்த பேசியிருக்கா?
பேச வந்ததைப் போயி
நீ அமுக்கிட்ட.”

பாக்ஸ்கள் பின்னால் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு வந்தன.
வீடு வரும்வரை
அந்தச் சத்தம் மட்டும்தான்.

மூன்றாம் நாள் பையன் பாக்கிப் பணத்தோடு கடைக்கு வந்தான்.
நைட்டி இல்லாமல் ரொம்பச் சின்னவனாக இருந்தான்.
ஒரு மைக் வேலை செய்யவில்லை என்று
ஐநூறு பிடித்துக்கொண்டான்.
நியாயம்தான், நான் பேசவில்லை.
ரசீது எழுதிக்கொண்டே அவள் கேட்டாள்:
“தம்பி, கடைசியில அந்தப் புள்ள
என்ன சொல்லும்?”

அவனுக்கு முகம் மலர்ந்தது.
“அதுதாங்க்கா செம காமெடி” என்று ஆரம்பித்தவன்
நீட்டிய ரசீதை வாங்கி
கீழே போட்டிருந்த கையெழுத்தைப் படித்தான்.
உதடு அசைத்துப் படித்தான்.
சிரிப்பு பாதி வந்து நின்றது.

“நெசமாவே இதான் பேராக்கா?”
“ஆமா. நீ சொல்லு.”

அவன் ரசீதை நான்காக மடித்தான்.
எட்டாக மடித்தான்.
பிடித்த ஐநூறை மேசைமேல் வைத்துவிட்டு
பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று போய்விட்டான்.

அந்த நோட்டு இன்னும் கல்லாவில் இருக்கிறது.
அவள் தொட மாட்டேன் என்கிறாள்,
நான் செலவழிக்கக் கூடாது என்கிறாள்.
மூன்றாவது மைக்கைச் சரிசெய்துவிட்டேன்.