மூன்றாம் நாள் முட்டை

தாராபுரம் ரோட்டில், பொங்கலூர் தாண்டி
குஞ்சுப் பொரிப்பகத்தில் எனக்கு இரவு ஷிப்ட்.
முப்பத்தேழரை டிகிரியில்
அறுபதாயிரம் முட்டைகள்
மணிக்கொருமுறை புரண்டு படுக்கும்.
வெளியே காற்றாலைகள்
பாலக்காட்டுக் கணவாய்க் காற்றை மென்றுகொண்டிருக்கும்.

கரு கூடியிருக்கிறதா என்று
மூன்றாம் நாள் தட்டுக்கு ஆறு முட்டை
உடைத்துப் பார்ப்பது என் பொறுப்பு.
கூடியிருந்தால் நோட்டில் ஒரு கோடு,
இல்லாவிட்டால் சுழி.

கோடு போடுகிற முட்டையில்
மஞ்சள்மேல் சிவப்பாக ஒரு சிலந்திவலை.
நடுவில் கமா அளவு ஒன்று.
அதற்குள் துடிப்பு.
கழுத்தோரம், மீனுக்குச் செவுள் வருகிற இடத்தில்,
அதே மடிப்பு.
பின்னால் வால்.

சேர்ந்த புதிதில் கால்நடை டாக்டர் சொன்னார்:
“நீங்களும் நானும் இப்பிடித்தானுங்க இருந்தோம், சாராளம்மா.
அஞ்சாவது வாரம். வாலோட.”
சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.
எனக்குத்தான் அன்று டீ இறங்கவில்லை.

போதகர் ஏனோஸ் வருஷத்துக்கு ஒருமுறை
குரங்கைப் பிரசங்கத்துக்குக் கூட்டிவருவார்.
“யாரோட பாட்டன் கொரங்கு? கை தூக்குங்க.”
சபை சிரிக்கும்.
என் வீட்டுக்காரர் எஸ்றா எல்லோருக்கும் கடைசியாகச் சிரித்து முடிப்பார்.
நானும் சிரித்திருக்கிறேன்,
மடியில் கையை மறைத்துக்கொண்டு.

ஒருநாள் கேட்டேவிட்டேன்.
மண்ணிலிருந்து என்று எழுதியிருக்கிறது, சரிங்க ஐயா.
எவ்வளவு நேரம் பிசைந்தார் என்று எழுதியிருக்கிறதா?

அவர் கோபப்படவில்லை.
கோபப்பட்டிருந்தால் எளிதாகப் போயிருக்கும்.
செருப்பை மாட்டியபடியே மெதுவாகச் சொன்னார்:
“நேரம் கெடக்குதும்மா. கோடி வருஷம்னே வெச்சுக்க.
அத்தனை வருஷமும் செத்துச் செத்துத்தானே வந்திருக்கும்?
ஆதாம் தப்புப் பண்றதுக்கு முன்னாலயே சாவு இருந்துதுன்னா
சிலுவை எதுக்கு?”

என்னிடம் பதிலில்லை.
இன்றைக்கும் இல்லை.

நான் உடைக்கிற ஆறும் எந்தக் கனியையும் தின்றதில்லை.
தட்டில் குளிரக் குளிர
துடிப்பு இடைவெளி விடும்.
முன்பெல்லாம் எண்ணுவேன், பிறகு விட்டுவிட்டேன்.
லக்கன் வாளியை நீட்டுவான்.
மயூர்பஞ்சிலிருந்து வந்த பையன், என் கேள்வி எதுவும் அவனுக்குத் தெரியாது.
கொட்டுமுன் ஒரு நொடி நிற்பான்.
ஏனென்று நான் கேட்டதில்லை.

போன டிசம்பர் இருபத்துநாலு, இரவு.
ஆறாவது முட்டையைத் திறந்தபோது
மாதக் கணக்கு தானாகப் பின்னுக்கு ஓடியது.
நவம்பர், ஆகஸ்ட், ஏப்ரல் கடைசி.
மரியாள் இன்னும் ஊருக்குச் சொல்லாத ஐந்தாவது வாரம்.
அவள் வயிற்றுக்குள்
கமா அளவு கர்த்தர்.
செவுள் மடிப்போடு.
வாலோடு.

கையுறையைக் கழற்றி வைத்தேன்.
தூஷணமோ என்று பயம்.
மெஷின் முட்டைகளைப் புரட்டிப்போட்டது,
வேறெதுவும் நடக்கவில்லை.

மனுஷனாக வந்தார் என்றால்
முழுத் தூரமும்தானே வந்திருக்க வேண்டும்?
பல்லடத்தில் பஸ் ஏறினார் என்று நாங்கள் சொல்லிக்கொள்கிறோம்.
அவர் கடற்கரையிலேயே ஏறியிருக்கிறார்,
கடலே இல்லாத எங்கள் ஜில்லாவரைக்கும்
நின்றுகொண்டே.

விடிந்ததும் எஸ்றாவிடம் மட்டும் சொன்னேன்.
அவர் சிரிக்கவில்லை. வண்டியைக் கிளப்பாமல்
சாவியைத் திருகிக்கொண்டே இருந்தார்.
“வால் சரி,” என்றார். “சாவு?”

சோப்புப் போட்டு மூன்று தடவை கழுவியும்
அப்பத்துக்குக் கை நீட்டியபோது முட்டை வாடை.
போதகருக்கும் வந்திருக்கும்.
எப்போதும்போல உள்ளங்கையில் வைத்தார்.

முழங்காலிலிருந்து எழும்போது
முதுகின் அடியில் அந்தச் சின்ன எலும்பு வலித்தது.
இரும்பு ஸ்டூலில்
எட்டு மணி நேரம் உட்கார்ந்த வலி.